சுவர்கள் மட்டும் நின்றால் போதுமா?

வளைகுடா நாடுகளில் பழையன கழிந்து வானுயர்ந்த கோபுரங்களே எழும் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் பயன் தீர்ந்த பொதுக் கட்டடங்கள் சில அங்கே கலைக்கூடங்களாக மறுபிறப்பு எடுத்துள்ளன.

சார்ஜாவில் 1970களில் கட்டப்பட்ட அல் காசிமியா பள்ளி, 2019இல் தொடங்கிய கட்டடக்கலை மூவாண்டு விழாவின் இருப்பிடமாயிற்று. பழைய அல் ஜுபைல் காய்கறிச் சந்தையும் அவ்விழாவில் காட்சிக்களமானது. 2023இல் சார்ஜா ஈராண்டுக் கலைவிழாவின் படைப்புகளும் அங்கு இடம்பெற்றன. தோகாவில் 1982ஆம் ஆண்டின் தீயணைப்பு நிலையம் கலைஞர்கள் தங்கிப் பணியாற்றும் மையமாக மாறியுள்ளது. தீயணைப்பு வண்டிகள் நின்ற கொட்டகையே இன்று கண்காட்சிக்கூடம்.

இது பாராட்டுக்குரிய பணி என்பதில் ஐயமில்லை. உறுதியான கட்டடத்தை இடிப்பது பொருள் விரயம். வகுப்பறையும் கடையறையும் சிறிய மாற்றங்களுடன் காட்சியறைகளாகிவிடும்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அச்சந்தையில் கூடை சுமந்தவர் யார்? விற்றவரும் வாங்கியவரும் எந்நாட்டவர்? அமீரக மக்கள்தொகையில் மிகப்பெரும்பான்மையினர் வெளிநாட்டவரே. பணி முடிந்ததும் அவர்களுள் பெரும்பாலோர் தாயகம் திரும்புகின்றனர். அவர்களின் உழைப்புக்குச் சான்றாக எஞ்சுபவை இத்தகைய எளிய கட்டடங்களே. ஆதலின் ஒவ்வொரு கலைக்கூடமும் ஓர் அறையையேனும் அக்கட்டடத்தில் வாழ்ந்தோர், உழைத்தோர் வரலாற்றுக்கு ஒதுக்குதல் வேண்டும். பழைய நிழற்படங்கள், தராசுகள், விலைப்பலகைகள், முதியோரின் குரற்பதிவுகள் ஆகியவை அங்கு இடம்பெறலாம். அவற்றின் விளக்கங்கள் அரபு, ஆங்கிலத்துடன் தமிழ், மலையாளம், உருது ஆகிய மொழிகளிலும் அமைதல் நன்று.

இதில் தமிழ்ப் பெற்றோர்க்கும் பங்குண்டு. விடுமுறை நாள்களில் வணிக வளாகங்களுக்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழக்கம் சற்றே மாறட்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கு காய்கறி வாங்கிய தந்தையரும் தாயரும் அந்த நினைவுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். இளைஞர்கள் அவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஆண்டும் இடமும் குறித்து, தமிழ் அமைப்புகளின் வழியே கலைக்கூடங்களிடம் சேர்க்கலாம்.

கட்டடத்தைக் காக்க அரசும் அறக்கட்டளைகளும் உள்ளன. அதில் உழைத்தோரின் நினைவைக் காக்கும் கடமை அவர்தம் பிள்ளைகளுடையது. இன்று பதிவு செய்யாதவற்றை நாளை எந்தக் கலைக்கூடத்திலும் காண இயலாது.