குருவிக்கு ஏற்ற கூலம்

புதுச்சேரி நகரின் மேற்கே, விழுப்புரம் செல்லும் சாலையை ஒட்டி அமைந்தது மூலக்குளம். உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த பகுதி அது. ஊரின் பெயரில் குளமும், நகராட்சியின் பெயரில் உழவரும் உளர். கண்ணுக்குத் தோன்றுவன பெரும்பாலும் மாடிகளே. இத்தகைய இடங்களில் இரக்கமுள்ள இல்லத்தார் பலர், காலையில் மொட்டைமாடியில் ஒரு பிடி அரிசியோ பழஞ்சோறோ இறைத்துக் குருவிக்கு இட்டதாக மனநிறைவு கொள்கின்றனர். செயல் நல்லதே. ஆயினும் அவ்வரிசியைக் குருவிதான் உண்கிறதா? சிறிது நேரம் மறைந்து நின்று நோக்கினால் உண்மை விளங்கும். முதலில் காக்கை வரும். பின்னர் மாடப்புறாக்கள் கூட்டமாக இறங்கும். அவை எழுந்த பின் எஞ்சியதைக் கொறிக்க அணில் வரும். அது புதுச்சேரியின் மாநில விலங்கு ஆதலின் அதனைக் குறைகூறுதல் தகாது போலும்! சிட்டுக்குருவியோ மின்கம்பியில் அமர்ந்தபடியே இருக்கும்.

இடுவோரிடம் அன்பு இருந்தால் போதாது. உண்ணும் பறவையின் அலகையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். விதையுண்ணும் பறவைகள் யாவும் ஒரே வகையில் உண்பன அல்ல. சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, சில்லை ஆகியவற்றின் அலகு குட்டையாய், அடி தடித்து, நுனி கூர்த்துக் கூம்பு போன்றிருக்கும். அவை விதையை அலகினிடையே உருட்டி, உமியை உதிர்த்துவிட்டு, உள்ளீட்டை மட்டும் விழுங்கும். ஆதலின் தினை, சாமை, கம்பு, நெல் முதலியனவே அவற்றிற்கு இசைந்த கூலங்கள். சில்லைக்குப் புல்விதையே பேருணவு. புறாவுக்கு உமி நீக்கும் ஆற்றல் இல்லை. அது தானியத்தை முழுதாக விழுங்கிக் கண்டப்பையில் சேர்த்து, பிறகு தான் விழுங்கிய சிறு கற்களின் துணையால் இரைப்பையில் அரைத்துக்கொள்ளும். சோளமோ, கோதுமையோ, அரிசியோ, எது கிடைப்பினும் அதற்கு உவப்பே. கிளி தன் காலையே கையாகக் கொண்டு, சூரியகாந்தி விதையையும் நிலக்கடலையையும் பற்றி உடைத்துத் தின்னும். புதுச்சேரியின் மாநிலப் பறவையாகிய குயில் பழந்தின்னி. எத்துணைத் தானியம் இறைப்பினும் அது திரும்பியும் பாராது.

அமெரிக்க நாட்டில் வீட்டுத் தோட்டந்தோறும் பறவைகளுக்குத் தீனிக்கலம் தொங்கவிடும் வழக்கம் மிகுதி. பலவகை விதைகளைக் கலந்து பைகளில் அடைத்துக் கடைகளில் விற்பர். அந்நாட்டு மீன், வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ஏல்ரெட் கைஸ் என்னும் அறிஞர், எவ்விதையை எப்பறவை நாடுகிறது என்று ஆராய்ந்து, 1980ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். கருநிறச் சிறு சூரியகாந்தி விதையும் வெண்ணிறப் பனிவரகும் பறவைகளை மிகுதியாக ஈர்த்தன. வணிகர் கலந்துவந்த செஞ்சோளம், கோதுமை முதலியவற்றைப் பெரும்பாலானவை விரும்பவில்லை. அரிசியும் அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று. பனிவரகு தமிழ்நாட்டிலும் விளையும் சிறுதானியமே. அரிசியை இறைப்போர் அதனை ஒருமுறை வைத்துப் பார்க்கலாம்.

எனினும் அதைவிடச் சிறந்த முறையொன்று தமிழரிடம் முன்பே இருந்தது. அறுவடைக் காலத்தில் முற்றிய நெற்கதிர்களைக் குஞ்சமாகப் பின்னி, வீட்டு முகப்பிலும் கோயில் மண்டபத்திலும் தொங்கவிடுதல் பழைய வழக்கம். அதனை வெறும் அழகுப் பொருள் என்று கருதுவோர் உளர். அதன் நுட்பம் வேறு. சிட்டுக்குருவி கதிரைக் காலால் பற்றித் தொங்கியபடியே மணியைக் கொய்து, உமி நீக்கி உண்ணும். புறாவின் கால் தரையில் நடக்கவும் விளிம்பில் நிற்கவும் அமைந்தது. ஆடும் கதிரில் அது தொங்கமாட்டாது. காக்கையின் பாரத்தைக் குஞ்சம் தாங்காது. வாயிற்காவலர் இன்றியே உரிய விருந்தினரை மட்டும் ஏற்கும் பந்தி அது.

இவ்வேறுபாடு சிறிதன்று. 2020ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி நாடளவில் ஏறத்தாழ நிலையாக இருப்பினும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருவதைக் காட்டியது. மாடப்புறாவோ 2000ஆம் ஆண்டிற்குப் பின் 150 விழுக்காட்டிற்கும் மேல் பெருகியதாக 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. உயரமான கட்டடங்களின் விளிம்புகள் அதற்குக் குடியிருப்பாயின. மாந்தர் இறைக்கும் தானியம் குறையாத உணவாயிற்று. புறாவை வெறுத்தல் வேண்டா, அதுவும் உயிரே. ஆனால் அதன் உலர்ந்த எச்சத்தின் தூள் சிலருக்கு நுரையீரல் நோய் விளைக்கும். 2025ஆம் ஆண்டில் மும்பை மாநகராட்சி, தாதரில் நெடுநாளாகப் புறாக்களுக்குத் தீனியிட்டுவந்த இடத்தை மூட நேர்ந்ததற்கும் இதுவே காரணம்.

கதிரைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோரும் ஒன்றை மறக்கின்றனர். குருவி விதையுண்ணியாயினும் அதன் இளங்குஞ்சுக்கு வேண்டுவன மென்மையான புழுக்களும் பூச்சிகளுமே. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பூச்சியுணவு குன்றிய இடங்களில் குஞ்சுகள் மெலிந்து கூட்டிலேயே மடிவதை அது எடுத்துக்காட்டியது. முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் பரப்பிய வீட்டில் எத்தனை கதிர் தொங்கினும், தாய்க்குருவி தான் உண்டபின் குஞ்சுக்கு இரை தேடி அலையவே நேரும். அவரைப் பந்தலில் அசுவினி மொய்த்தால் மருந்து தெளிக்க விரைவோர் பலர். குருவிக்கோ அப்பந்தல் குஞ்சு வளர்க்கும் களஞ்சியம்.

மழைக்காலத்தில் குஞ்சத்தை நனையாத இறவாணத்தின் கீழ்க் கட்டுதல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த நெல் பறவைக்குக் கேடு. மூலக்குளம் போன்ற புறநகர்களில் வீடுகளுக்கிடையே வெற்று மனைகளும் உண்டு. மழை ஓய்ந்த பின் மார்கழி, தை மாதங்களில் அவற்றில் புல் கதிர்விட்டு முற்றும். மனையைத் துப்புரவு செய்வோர் இரண்டு வாரம் பொறுத்துப் புல்லறுத்தால், ஒரு பிடி தானியமும் விலைக்கு வாங்காமலே சில்லைக் கூட்டம் பசியாறிச் செல்லும்.