பட்டம் உண்டு, பயன் இல்லை

"போர்முனையையே பார்க்காத ரிசர்வ் படைக்காரருக்கு எதற்கு முன்னாள் படைவீரர் சலுகை?" என்கிறார் நண்பர். அமெரிக்கச் சட்டம் போர்முனையைக் கேட்பதே இல்லையே! அமைதிக் காலத்தில், முழுநேரப் பணியில், கிடங்குக் கணக்கு எழுதியவரும் அங்கே முன்னாள் வீரர்தான். பயிற்சிக்கு மட்டும் அழைக்கப்பட்டவர், அதில் ஊனமுற்றிருந்தால் தவிர, அல்ல. 20 ஆண்டு ரிசர்வில் இருந்தவர்களுக்காக 2016-இல் ஒரு சட்டம் வந்தது: பட்டம் உண்டு, அதனால் மட்டும் பணப்பயன் கிடையாது. வெறும் இலை போட்டு விருந்து என்றார்கள்!

"ஆதாரம் காட்டட்டுமே" என்பது அடுத்த வாதம். 1973-இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத் தீயில் தரைப்படை, விமானப்படைக் கோப்புகள் 1.6 கோடிக்கு மேல் அழிந்தன. அதற்கு, அதில் தன் கோப்பை இழந்த, தொண்ணூறை நெருங்கும் ரிசர்வ் கிழவரா பொறுப்பு? பழைய சம்பளச் சீட்டையும் உடன் இருந்தவரின் வாக்குமூலத்தையும் தேடித் தருவதைச் 'சலுகை வேட்டை' என்பது அபத்தம். அவரை எந்த உத்தரவின்கீழ் அழைத்தார்கள் என்று பார்த்துவிட்டாவது நண்பர் தீர்ப்புச் சொல்லட்டும்.