ஆற்றுக்கு நகரின் கடன்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, விழுப்புரம் வழியாகச் சென்று கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அதன் படுகையில் மணலே கண்ணுக்குத் தெரிகிறது. ‘நீரோடாத ஆற்றில் சாக்கடை கலந்தால் என்ன கெட்டுவிடும்?’ என வினவுவோர் உளர். உண்மையில், வற்றும் ஆற்றுக்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மிகவும் இன்றியமையாதது.

தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் ஆற்றுக்கு உண்டு. ஓடும் நீர் கழிவின் செறிவைக் குறைக்கிறது. நீரில் கரைந்துள்ள உயிர்வளியைக் கொண்டு நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைக்கின்றன. கழிவு அளவு கடந்தால் உயிர்வளி தீரும், மீன்கள் மடியும், நாற்றம் எழும். ஆண்டு முழுவதும் நீரோடும் தேம்சு ஆறே இலண்டன் மாநகரின் கழிவைத் தாங்க இயலாமல் 1858ஆம் ஆண்டுக் கோடையில் நாறியது. அவ்வாறாயின், மழைக்காலத்தில் மட்டும் பெருகும் தென்பெண்ணை எவ்வாறு தாங்கும்? அதில் விடப்படும் கழிவு மணல்வழி இறங்கி நிலத்தடி நீரைச் சேரும். ஆற்றுப் படுகைக் கிணறுகளை நம்பியிருக்கும் மக்களின் குடத்திற்கே அது திரும்பி வரும்.

பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது வகுக்கப்பட்ட அளவு. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகர மக்கள் ஏறத்தாழ 96,000 பேர். இவ்வளவுகளின்படி கணக்கிட்டால், நகரின் கழிவுநீர் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் ஆகும்.

சுத்திகரிப்பு நிலையம், ஆறு பல நாள் செய்யும் பணியைச் சில மணி நேரத்தில் முடிக்கிறது. முதலில் கம்பிச் சல்லடைகள் துணி, நெகிழி முதலியவற்றைத் தடுக்கின்றன. அடுத்த தொட்டிகளில் மணலும் வண்டலும் படிகின்றன. பின்னர்க் காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிரிகள் கரைந்துள்ள கழிவை உண்டு பெருகுகின்றன. அவை கசடாகப் படிந்தபின் தெளிந்த நீர் கிருமிநீக்கம் செய்யப்படுகிறது. அவ்வாறு வெளிவரும் நீரும் குடிப்பதற்கு உரியதன்று. எனினும், ஆற்றின் உயிர்வளியைப் பறிக்கும் சுமை அதில் பெரிதும் குறைந்திருக்கும். மேலும் தூய்மைப்படுத்தினால் அந்நீர் தொழிற்சாலைகளுக்கும் பயன்படும். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்கள் இதற்குச் சான்று.

பேராறு இல்லாத ஊர்களுக்கும் இக்கடமை உண்டு. சங்க காலத்தில் நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கல் என்பர். இத்தகைய ஊர்களின் நீர்வளம் ஏரிகளைச் சார்ந்தது. ஏரியில் தேங்கும் கழிவு ஓடிப்போக வழியில்லை. ஒரு தலைமுறை விடும் கழிவை அடுத்த தலைமுறையும் சுமக்க நேரும்.

நிலையம் அமைக்கவும் இயக்கவும் செலவு மிகும் என்பது மறுக்க இயலாதது. அங்குக் காற்றூட்டும் பொறிகள் இரவும் பகலும் இயங்க மின்சாரம் வேண்டும். ஆயினும், மாசடைந்த கிணறுகளைக் கைவிட்டுத் தொலைவிலிருந்து நீர் கொணரும் செலவும், நோய்க்கு மருந்து தேடும் செலவும் அதனினும் பெரியவை. அவற்றை ஏழைகளே முதலில் சுமக்கின்றனர்.

நிலையம் கட்டுவதோடு கடமை முடிவதில்லை. வீட்டுக் கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் இணைக்கப்படாமல் மழைநீர் வாய்க்காலில் விடப்பட்டால், எத்தகைய நிலையமும் பயன் தராது. எண்ணெயும் நெகிழியும் சாக்கடையில் கொட்டப்பட்டால் குழாய்கள் அடைபடும். அவ்வடைப்பை நீக்க மனிதரை இறக்கும் கொடுமையும் தொடரும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம் அரசுக்கும் நகராட்சிக்கும் கடமையை வகுத்துள்ளது. அதனை நிறைவேற்றுமாறு கேட்கும் உரிமை, தம் வீட்டுக் கழிவுநீர் எங்குச் செல்கிறது என்பதை அறிந்த குடிமக்களிடம் வலிமை பெறும். நீரைப் பெற்றுக்கொள்ளும் நகரம் அதனைத் தூய்மையாகத் திருப்பித் தருவதே முறை.