எடிட்டிங்கில் ஹார்ட் டிஸ்க் திணறுகிறதா?

1947-ல் வெளியான 'நாம் இருவர்' படத்தை ஏவி.எம். எடுத்த ஊர் காரைக்குடி. இன்று அங்கே கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்குப் படச்சுருள் என்றால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான். பாதி எடிட்டிங்கில் அது திணறினாலோ, திரையிலிருந்து காணாமல்போனாலோ பதற வேண்டாம்.

முதலில் கேபிளைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 வழியாக நொடிக்கு 40 எம்.பி. வருவதே பெரிது. 4கே காட்சிகள் இரண்டு, மூன்றை ஒன்றாக ஓட்டினால் நிற்கத்தான் செய்யும். யுஎஸ்பி 3.0 கேபிளை அதற்கான போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். ஹப் வழியாகச் செருகினால் மின்சாரம் போதாமல் இணைப்பு விட்டுப்போகலாம்.

அப்படியும் சரியாகவில்லையா? வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால், வேறெதையும் தொடும் முன் காப்பி எடுத்துவிடுங்கள். 'டக் டக்' எனச் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். மீண்டும் மீண்டும் செருகினால் சேதம் கூடும். 'ஃபார்மேட் செய்யவா?' என்று திரை கேட்டால், 'சரி' கொடுக்காதீர்கள்.

திருப்பூட்டுக்கு ரீடேக் கிடையாது. எனவே மெமரி கார்டை அழிக்கும் முன்பே இரண்டு டிஸ்க்குகளில் காப்பி எடுங்கள். ஒன்று எடிட்டிங்குக்கு, மற்றொன்று பீரோவுக்கு.