தெருவுக்கு எந்த மரம்? பூவா, நிழலா?

பெங்களூரில் ஆண்டுதோறும் ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கும் காற்று மழையில் மரங்கள் சாய்கின்றன. வாகனங்கள் நசுங்குகின்றன, மின்கம்பி அறுகிறது, சில வேளை உயிரும் போகிறது. உடனே, "பெரிய மரமே வேண்டாம், சின்னப் பூமரம் போதும்" என்ற பேச்சு எழுகிறது.

அது சரியான முடிவா?

கண்டோன்மெண்ட் பகுதியில் உள்ள ரிச்சர்ட்ஸ் டவுன், மரம் சூழ்ந்த தெருக்களுக்குப் பெயர் பெற்றது. நண்பகலில் தள்ளுவண்டிக்காரரும், கட்டடத் தொழிலாளியும், பஸ்ஸுக்கு நிற்கும் குமாஸ்தாவும் மரத்தடியில்தான் ஒதுங்குகின்றனர். பங்களாவில் இருப்பவருக்கு மரம் அழகு. தெருவில் நிற்பவருக்கோ அதுதான் கூரை.

பெங்களூர்ச் சாலைகளில் நடந்து, 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குக் கணக்குச் சொல்கிறது. மரமுள்ள இடத்தில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரையும், சாலைத் தரையின் வெப்பம் 27.5 டிகிரி வரையும் குறைந்திருந்தது.

இந்நகருக்குப் பூமரம் புதிதல்ல. 1908-ல் லால்பாக் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்தார். 1980-களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹாள் தலைமையில் சுமார் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன.

ஆனால், கண்ணுக்குக் குளிர்ச்சியான மரமெல்லாம் உடலுக்குக் குளிர்ச்சி தருவதில்லை. தபேபுயா இலை உதிர்த்துத்தான் பூக்கிறது. குல்மொஹர் எனும் மயில்கொன்றை கோடைத் தொடக்கத்தில் மொட்டையாக நிற்கும். அதன் வேர் ஆழம் போகாது, கிளையும் எளிதில் முறியும். தூங்குமூஞ்சி மரம் தெருவையே மூடும் குடை. ஆனால், குறுகிய நடைபாதையில் அதற்கு இடமில்லை.

புங்கமரமோ, வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் புதுத் தளிர் விடும். வேர் ஆழமாக இறங்கும். நம் ஊர்களில் வாசலில் புங்கன் நட்டவர்கள் காரணம் தெரிந்தே நட்டார்கள். பூங்காவில் தபேபுயா, அகன்ற சாலையில் தூங்குமூஞ்சி, சிறு தெருவில் புங்கன் என இடமறிந்து நடுவதே முறை.

மரம் சாய்வதற்கு மரம் மட்டுமே காரணமல்ல. சாக்கடைக்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வேர் அறுபடுகிறது. அடிமரம் வரை சிமெண்ட் பூசப்படுகிறது. மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டினால், பாரம் மறுபக்கம் சாய்கிறது.

மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எதை, எங்கே நடுவது என்பதற்கும் அதே கண்டிப்பு தேவை. 2025-ல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. நடும் பொறுப்பில் இருப்போர் முதலில் கேட்க வேண்டியது, "எது அழகு?" என்பதல்ல, "இதன் கீழே யார் நிற்பார்?" என்பதே.

நிழலின் அருமை வெயிலில் தெரியும். அந்த வெயிலில் நிற்பவர் உழைப்பாளியே.