நிறம் மாறினால் நோய் தீருமா?

கடந்த பருவ விடுமுறைக்கு ஈப்போவுக்குத் திரும்பியபோது, பாட்டியின் இனிப்புநீர் மாத்திரைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தன. கேட்டதற்கு, "அது எதுக்கு கண்ணு? ரெண்டு மாசமா நெல்லிக்காய்ச் சாறுதான் குடிக்கிறேன். அதுல ஆன்டி என்னமோ நிறைய இருக்காம். புலனத்துல வந்துச்சு" என்றார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் விரலில் குத்திச் சோதித்தோம். 7-க்குள் இருக்க வேண்டிய சர்க்கரை 17.4 காட்டியது.

பாட்டி சொன்ன ‘ஆன்டி என்னமோ’, ஆன்டிஆக்சிடண்டு. அந்தப் பருவம் முழுவதும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் அளந்துகொண்டிருந்ததும் அதைத்தான். புலனத்தில் வந்த செய்தி முழுப் பொய் அல்ல. பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது.

வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோம், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பூவிலுள்ள ஃபீனாலிக் சேர்மங்கள் ஒரு நொதியின் உதவியால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதே காரணம். மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தமாக்குகிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கும் இது பழகிய காட்சி: வெள்ளைப் பால் உறைந்து கிடந்தால் பழுப்பேறும். இப்படி எளிதில் வினைபுரிந்து, தன்னை இழந்து மற்றதைக் காக்கும் இயல்பினால்தான் ஃபீனாலிக் சேர்மங்களுக்கு ஆன்டிஆக்சிடண்டு என்ற பெயர்.

இதை அளக்க டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசலைப் பயன்படுத்துகிறோம். 1958-இல் வந்த முறை இது. நெல்லிச் சாற்றில் சில துளி விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும். நெல்லி இதில் உண்மையிலேயே உயர்ந்த மதிப்பெண் பெறும். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயில் வயிறு இல்லை, கல்லீரல் இல்லை, இரத்தம் இல்லை. நாம் உண்ணும் ஃபீனாலிக் சேர்மங்களில் பெரும்பகுதி அப்படியே உடலில் சேர்வதில்லை. சேர்வதையும் குடலும் கல்லீரலும் வேறு சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன.

இதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்சிடண்டு மதிப்பெண் பட்டியலை 2012-இல் தன் இணையத்தளத்திலிருந்து நீக்கியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் கசப்பான பாடம். பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் வெளியான முடிவில் அது 18 விழுக்காடு கூடியிருந்தது.

சேமித்து வைப்பதும் கணக்கை மாற்றும். தம்புன் சாலையோரக் கடைகளில் தொங்கும் லிமாவ் பாலி, தடித்த தோலால் வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் பழங்களை வைத்திருக்க வைத்திருக்க வைட்டமின் சி மெல்ல இறங்கும். ஃபீனாலிக் சேர்மங்களோ பழத்தின் வகையையும் வெப்பநிலையையும் பொறுத்து நிலைக்கலாம், கூடலாம், குறையலாம். அன்று பறித்த நெல்லியின் எண், ஒரு வாரம் குளிர்பெட்டியில் இருந்த பாட்டியின் சாற்றுக்குப் பொருந்தாது.

இயற்கையானது என்பதால் தீங்கு வராது என்பதும் தவறு. லிமாவ் பாலியில் இருக்கக்கூடிய ஃபுரானோகூமரின் என்ற சேர்மம், சில மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுக்கும். அப்போது இரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை உண்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்காகப் பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். லயத்துக்குப் பின்னால் வளர்ந்த கீழாநெல்லியும் வல்லாரையும்தான் அவர் காலத்தில் முதல் மருந்து. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது அந்தச் செடிகளும் அவற்றைப் பற்றிய அறிவும் சிதறிப்போயின. வரலாற்றுப் பாடத்தில் பரமேஸ்வரா நிழலுக்கு ஒதுங்கிய மெலாக்கா மரம் நம் நெல்லிதான் என்பதே பல்கலைக்கழகம் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எண்களைச் சொன்னால் பாட்டி கேட்கமாட்டார். அதனால் அவருடைய மெட்ஃபோர்மின் மாத்திரையின் கதையைச் சொன்னேன். ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அதிலுள்ள சேர்மம் இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சுத்தன்மை மிகுந்தது. அதற்கு உறவான மெட்ஃபோர்மின் 1922-இல் ஆய்வுக்கூடத்தில் உருவானது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளைப் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் 1957-இல்தான் வெளியிட்டார்.

"அப்ப இதுவும் பச்சிலையில வந்ததுதானா?" என்றார் பாட்டி. அன்றே கிளினிக்குக்குப் போனோம்.

நண்பர்களே, வீட்டுப் புலனத்தில் இத்தகைய செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதித்தது குழாயிலா, எலியிலா, மனிதரிடமா? எவ்வளவு கொடுத்தார்கள்? இதை விற்பவர் யார்? நம் நாட்டில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் ‘எம்ஏஎல்’ எனத் தொடங்கி ‘டி’ என முடியும் எண் இருக்கும். அதுகூடப் பாதுகாப்பையும் தரத்தையும் சரிபார்த்ததற்கான அடையாளமே தவிர, நோய் தீரும் என்ற உறுதி அன்று. இனிப்புநீரைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்றும் செய்யலாம். தாத்தா பாட்டிக்குத் தெரிந்த செடிகளைத் தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், அறிவியல் பெயர் என மூன்றாகக் குறித்துவையுங்கள். நாளை அவற்றை முறையாக ஆராயப்போவது நம்மில் ஒருவராக இருக்கலாம்.

பாட்டி இப்போது நெல்லிக்காயை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்கிறார். சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையையும் போட்டுக்கொள்கிறார்.