சிம்னி மாறுது... சுரங்கம் மட்டும் வளருது! நெய்வேலி பழைய அனல்மின் நிலையத்தால் டெல்டாவுக்கு வரும் கவலை

தஞ்சாவூர்:

நெய்வேலிக்கும் ஒரத்தநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெய்வேலியில் எரிக்கிற அதே பழுப்பு நிலக்கரி, ஒரத்தநாடு பக்கம் வடசேரி வயலுக்கு அடியிலும் கிடக்கிறது. அதனால்தான் நெய்வேலியில் பழைய அனல்மின் நிலையத்தை மூடுவதா, ஓட்டுவதா என்று பேச்சு கிளம்பினாலே இங்கே விவசாயிகள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

58 வருஷம் ஓடியது

நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் ரஷியா உதவியுடன் கட்டப்பட்டு 1962-ல் ஓடத் தொடங்கியது. 9 யூனிட், மொத்தம் 600 மெகாவாட். இதன் கரண்ட் முழுக்க தமிழ்நாட்டுக்குத்தான் வந்தது. 58 வருஷம் உழைத்த இந்த நிலையம் 2020 செப்டம்பரோடு நின்றுபோனது.

பழசு போச்சு, ஊருக்கு நிம்மதி என்று நினைத்தால் அதுதான் இல்லை. அதற்குப் பதிலாக 1000 மெகாவாட்டில் புது நிலையம் வந்துவிட்டது. 600 போய் 1000 வந்தது!

அடுத்து வயசாகி நிற்பது இரண்டாவது அனல்மின் நிலையம். 7 யூனிட், 1,470 மெகாவாட். 1986 முதல் 1993 வரை வரிசையாக ஓடத் தொடங்கியவை. எல்லா யூனிட்டும் 30 வயசைத் தாண்டிவிட்டன.

மூடு என்பவர்கள், ஓட்டு என்பவர்கள்

மூடச் சொல்பவர்கள் காட்டுவது 2020-ஐ. அந்த வருஷம் மே மாதமும் ஜூலை மாதமும் இதே நிலையத்தில் பாய்லர் வெடித்தது. ஜூலை 1 விபத்தில் 6 பேர் அந்த இடத்திலேயே பலியானார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலானோர் கான்டிராக்ட் தொழிலாளர்கள்.

ஓட்டச் சொல்பவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கரண்ட் தேவை வருஷா வருஷம் ஏறுது. 2030 வரை நிலக்கரி யூனிட் எதையும் மூடாதீர்கள் என்று மத்திய மின்சார ஆணையமே 2023-ல் சொல்லிவிட்டது. 2024-ல் ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை கடைசியில்தான் திறந்தது. அப்போது குறுவைக்கு போர் தண்ணியை நம்பியவர்களுக்கு மோட்டார் ஓடினால்தான் நாத்து பிழைக்கும். கரண்ட் வேண்டாம் என்று டெல்டாக்காரன் சொல்ல முடியுமா?

வம்பு எங்கே இருக்கு?

நெய்வேலி நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ரெயிலில் ஏற்றி தூரமாகக் கொண்டு போனால் தண்ணிக்கு வாடகை கொடுத்த கதைதான். அதனால் சுரங்கம் இருக்கிற இடத்திலேயே மின்நிலையம் கட்டுகிறார்கள். பழசை மூடிவிட்டு அதே இடத்தில் புதுசு கட்டினால், இன்னும் 25, 30 வருஷத்துக்கு பக்கத்திலேயே தோண்டியாக வேண்டும். தோண்ட நிலம் வேண்டும்.

அது எப்படி இருக்கும் என்பதை 2023 ஜூலையில் வளையமாதேவியில் பார்த்தோம். பரவனாறு வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற பயிரில் பொக்லைன் இறங்கியது. நிலம் ஏற்கனவே எடுத்தது என்றது நிர்வாகம். அறுக்கிற வரைக்கும் பொறுக்கக்கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். ஏக்கருக்கு ரூ.40 ஆயிரம் பயிர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை ஐகோர்ட்டு.

அதே வருஷம் மார்ச் கடைசியில் தஞ்சை மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய 3 இடங்களும் ஏல பட்டியலில் வந்தன. டெல்டாவே கொதித்தது. முதல்-அமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு கடிதம் எழுதினார். சில நாளில் 3 இடங்களும் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. ஆனால் மண்ணுக்கு அடியில் நிலக்கரி அப்படியேதான் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே பழைய நிலையத்தை மூடணுமா என்பது பாதி கேள்விதான். அடுத்த 30 வருஷத்துக்கு நிலக்கரி எந்த ஊரில் இருந்து வரும் என்பது மீதி கேள்வி. சர்வே நம்பரோடு அதைச் சொல்லாமல் புது நிலையத்துக்கு அனுமதி கொடுத்தால், பிறகு போராட்டம்தான் மிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய யூனிட் நிற்கும்போது அங்கே வேலை பார்க்கும் கான்டிராக்ட் தொழிலாளி எங்கே போவான்? நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளும் இந்த கான்டிராக்ட் வேலையில்தான் இருக்கிறார்கள். நிலமும் போய் வேலையும் போனால் அந்த வீட்டில் உலை எப்படி வைப்பது?

யூனிட்டை எந்த தேதியில் நிறுத்துவோம், கான்டிராக்ட்காரர்களுக்கு எங்கே வேலை, எந்த நிலத்தைத் தொடமாட்டோம். இந்த மூன்றையும் எழுத்தில் கொடுத்துவிட்டு மூடட்டும். வாய் வார்த்தையை நம்பி விதை நெல்லை வாங்க டெல்டா விவசாயி தயாராக இல்லை.